8880 என்ற ஒரு பக்கப் படிவம்: மணிக்கூலிக்காரர்களுக்கான ஓய்வூதிய வரிச்சலுகை, எங்கள் அனுபவம்

நான் படித்தவரை, அமெரிக்க வருமான வரி பற்றித் தமிழில் வரும் குறிப்புகள் பெரும்பாலும் ஐடி வேலையில் இருப்பவர்களை மனதில் வைத்து எழுதப்பட்டவை. இது அவர்களுக்கானது இல்லை. உடன்பிறந்தவர் ஸ்பான்சர் செய்து, பதினைந்து வருஷம் போல வரிசையில் காத்திருந்து, நாற்பத்தைந்து வயதுக்கு மேல் கிரீன் கார்டோடு வந்து இறங்கி, வேர்ஹவுஸிலும் ஆஸ்பத்திரி சமையலறையிலும் மோட்டல் கவுன்ட்டரிலும் மணிக்கணக்கில் கூலிக்கு நிற்கிறவர்களுக்காக எழுதுகிறேன். நானும் என் கணவரும் அப்படி வந்தவர்கள்தான். நியூ ஜெர்சியில் மிடில்செக்ஸ் கவுன்ட்டியில் இருக்கிறோம். அவர் டர்ன்பைக் நெடுஞ்சாலையில் எக்ஸிட் 8ஏ பக்கம் ஒரு வேர்ஹவுஸில் முழு நேரம். நான் ஒரு ஆஸ்பத்திரியின் உணவுப் பிரிவில் பகுதி நேரம். மகன் படித்து முடித்து வேறு மாநிலத்தில் தனியாக இருக்கிறான். அவன் வரி அவன் பாடு.

எங்களைப் போன்றவர்கள் வேலை செய்யும் இடத்தில் 401-கே, 403-பி போன்ற ஓய்வூதியக் கணக்கில் சம்பளத்திலிருந்து பணம் போட்டால், அதில் ஒரு பங்கை அரசாங்கம் வரியில் கழித்துக்கொள்ள விடுகிறது. சேவர்ஸ் கிரெடிட் என்று சொல்வார்கள். 8880 படிவத்தில்தான் இதைக் கேட்க வேண்டும். 2001-இல் போட்ட சட்டத்தில் 2002 முதல் வந்தது, 2006-இல் நிரந்தரமாக்கினார்கள். ஆளுக்கு 2,000 டாலர் வரை போட்ட பணம் கணக்கில் வரும். வருமானத்தைப் பொறுத்து அதில் 50, 20 அல்லது 10 சதவீதம் கிரெடிட். அதாவது ஒருவருக்கு அதிகபட்சம் 1,000, சேர்ந்து தாக்கல் செய்யும் கணவன் மனைவிக்கு 2,000 டாலர்.

முக்கியமான ஒன்று: 401-கேயில் போட்ட பணத்துக்கு அந்த வருஷம் வரி இல்லை என்பது ஒரு சலுகை. இது அதற்கு மேல் இரண்டாவது சலுகை. ஒரே பணத்துக்கு இரண்டும் கிடைக்கும். பலரும் முதலாவதோடு கணக்கு முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள்.

எங்களுக்கு இது தெரிய வந்தது ஒரு நூலகத்தில். அதற்கு முந்தைய வருஷம் வரை காசு கொடுத்து ஒருவரிடம் தாக்கல் செய்துவந்தோம். வேலை செய்யும் இடம் தரும் டபிள்யூ-2 என்ற வருஷச் சம்பளக் காகிதங்களை வாங்கிக்கொள்வார், ஒரு கேள்வியும் கேட்க மாட்டார், பத்து நிமிஷத்தில் கையெழுத்துக்கு நீட்டுவார். கட்டணம் ஏறிக்கொண்டே போனதால், வரித் துறையான ஐஆர்எஸ் பயிற்சி கொடுத்த தன்னார்வலர்கள் இலவசமாகச் செய்து தரும் வீட்டா மையத்துக்குப் போனோம். 2025-ஆம் ஆண்டு தாக்கல் காலத்தில் சுமார் 67,000 டாலருக்குள் வருமானம் உள்ளவர்கள் அங்கே போகலாம் என்று வைத்திருந்தார்கள். எங்கள் மேஜையில் இருந்தவர் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்ற ஓர் அம்மா. என் கணவரின் டபிள்யூ-2-வை எடுத்து, 12-ஆம் பெட்டியில் விரலை வைத்தார். அங்கே டி என்ற எழுத்தும் பக்கத்தில் ஒரு தொகையும் இருந்தன. என்னுடையதில் அதே பெட்டியில் ஈ. “இதற்கு 8880 போன வருஷம் போட்டார்களா?” என்று கேட்டார். பழைய ரிட்டர்னைப் புரட்டினோம். இல்லை. அதற்கும் முன்னால் உள்ளதிலும் இல்லை.

உங்கள் பழைய ரிட்டர்னில் இதைப் பார்க்க ஒரு நிமிஷம் போதும். ஷெட்யூல் 3 என்ற பக்கத்தில் 4-ஆம் வரி. அது காலியாக இருந்து, டபிள்யூ-2-வின் 12-ஆம் பெட்டியில் டி, ஈ, ஜி, எஸ், ஏஏ, பிபி போன்ற எழுத்து ஏதாவது இருந்து, வருமானமும் வரம்புக்குள் இருந்தால், கேட்க வேண்டிய பணத்தைக் கேட்காமல் விட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். அதே பெட்டியில் டிடி என்றும் ஒன்று பெரிய தொகையோடு இருக்கும். அது மெடிக்கல் இன்சூரன்ஸின் விலை, இதற்குச் சம்பந்தமில்லை.

விட்டதைப் பிடிக்கலாம். தாக்கல் செய்த நாளிலிருந்து மூன்று வருஷத்துக்குள் 1040-எக்ஸ் என்ற திருத்தப் படிவம் கொடுக்கலாம். 2023-ஆம் வருஷத்துக்கு எங்கள் சரிக்கட்டிய மொத்த வருமானம், ஏஜிஐ என்பார்களே அது, 47,000 அளவில் இருந்தது. அந்த வருஷம் கணவன் மனைவிக்கு 43,500-க்கு மேல் 47,500 வரை 20 சதவீதம். அவர் 1,800, நான் 1,000 போட்டிருந்தோம். 2,800-இல் 20 சதவீதம், 560 டாலர். திருத்தம் போட்டு அது வந்து சேர மாதங்கள் ஆயின, ஆனால் வந்தது. எங்களைப் பொறுத்தவரை அது ஒரு மாசத்து மளிகைக்கு மேலே.

இனி வருவதைத்தான் ஒவ்வொருவரும் உட்கார்ந்து பென்சிலும் கையுமாகப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

2024-ஆம் வருஷத்துக்கு, சேர்ந்து தாக்கல் செய்பவர்களுக்கு ஏஜிஐ 46,000 வரை 50 சதவீதம். அதைத் தாண்டி 50,000 வரை 20. அதற்கு மேல் 76,500 வரை 10. தனியாகத் தாக்கல் செய்பவருக்கு இதில் சரிபாதி: 23,000, 25,000, 38,250. 2025-க்கு 47,500, 51,000, 79,000 என்று உயர்ந்தது. கவனியுங்கள், இது சரிவு இல்லை, படிக்கட்டு. 46,000-இல் இருப்பவருக்கு 50 சதவீதம். 46,001-இல் இருப்பவருக்கு 20. ஒரு டாலர் வித்தியாசத்தில் கிரெடிட் பாதிக்கும் கீழே போய்விடுகிறது.

2024-க்கான எங்கள் கணக்கைப் புரிவதற்காக முழு எண்களாக்கிச் சொல்கிறேன். அவர் சம்பளம் 36,000, என்னுடையது 16,000. அவர் 401-கேயில் 2,400, நான் 403-பியில் 1,600. மீதி 48,000. ஊரில் பாங்கில் போட்டிருந்த டெபாசிட்டுக்கு வட்டி 400 டாலர். ஏஜிஐ 48,400. ஆக 20 சதவீதப் படியில் நின்றோம். அவர் போட்டது 2,400 என்றாலும் 2,000 தான் கணக்கு, என்னுடையது 1,600, சேர்த்து 3,600-இல் 20 சதவீதம், 720. எல்லோருக்கும் பொதுவாகக் கிடைக்கும் நிலைக்கழிவு (ஸ்டாண்டர்டு டிடக்ஷன்) 29,200 போக, வரிக்குரியது 19,200. வரி சுமார் 1,920. அதில் 720 போனால் நாங்கள் கட்ட வேண்டியது 1,200.

டீச்சர் அம்மா இதைத் திரையில் காட்டிவிட்டு, உடனே கையெழுத்து வாங்கவில்லை. “இன்னும் மார்ச் மாசம்தான். ஏப்ரல் 15 வரை உங்களுக்கு ஒரு வழி இருக்கிறது” என்றார்.

401-கே, 403-பியில் சம்பளத்திலிருந்து பிடிப்பது டிசம்பரோடு முடிந்துவிடும். ஆனால் தனிநபர் ஓய்வூதியக் கணக்கு, அதாவது ஐஆர்ஏவில், போன வருஷத்துக்கான பணத்தை இந்த வருஷம் ஏப்ரல் 15 வரை போடலாம். பழைய வகை, டிரெடிஷனல் ஐஆர்ஏவில் போட்டால் அது போன வருஷத்து ஏஜிஐயைக் குறைக்கும். எங்களுக்குக் குறைக்க வேண்டியது 2,400. என் பெயரில் ஐஆர்ஏ திறந்து 2,400 போட்டால் ஏஜிஐ சரியாக 46,000. படி மாறி 50 சதவீதம். என் பங்கும் 2,000 வரம்பைத் தொட்டுவிடும். இருவருக்கும் சேர்த்து 4,000-இல் பாதி, 2,000 கிரெடிட். வரிக்குரிய வருமானம் 16,800. வரி சுமார் 1,680. கிரெடிட் வரியைவிடப் பெரியது. வரி பூஜ்யம்.

1,200 கட்ட வேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லை. 2,400 டாலரை எங்கள் பெயரிலேயே ஒரு கணக்கில் எடுத்துவைத்ததற்கு 1,200 டாலர் வரி மிச்சம். சம்பளத்தில் ஏற்கெனவே வரியாக 1,900 டாலர் அளவில் பிடித்திருந்ததால், 700 ரீஃபண்ட் வர வேண்டிய இடத்தில் 1,900 வந்தது.

அந்த 2,400, ஊருக்குப் போய்வர டிக்கெட்டுக்கு என்று ஒதுக்கியிருந்த பணம். என் கணவருக்கு மனசே வரவில்லை. அறுபது வயது வரை தொட முடியாத கணக்கில் கொண்டுபோய் அடைக்கணுமா என்றார். அவர் கேட்டதில் நியாயம் உண்டு: ஐம்பத்தொன்பதரை வயதுக்கு முன் எடுத்தால், சில விதிவிலக்குகள் தவிர, வரியோடு 10 சதவீதம் அபராதமும் சேரும். நான் அவருக்குச் சொன்னது இதுதான்: டிக்கெட்டில் பாதி மே மாசத்துக்குள் ரீஃபண்டாக வந்துவிடும், இந்த 2,400 நம் பெயரில் இருந்தபடி இருக்கும். நமக்கு இங்கே சோஷியல் செக்யூரிட்டி என்ற அரசு ஓய்வூதியத்துக்கு வேண்டிய 40 வேலைக் கிரெடிட் சேரவே பத்து வருஷம் ஆகும். முப்பது முப்பத்தைந்து வருஷம் உழைத்தவர்களுக்கு வருவது போல அதில் நமக்கு வராது. நமக்கென்று ஏதாவது சேர இப்படித்தான் சேரும். இரண்டு நாள் கழித்து அவரே கணக்கு திறக்க உட்கார்ந்தார்.

திறக்கும்போது இரண்டு இடத்தில் கண் வேண்டும். ஆன்லைனில் பணம் போடும் திரை, எந்த வருஷத்துக்கான தொகை என்று கேட்கும். ஏப்ரலுக்கு முன்னால் போடுகிறவர்களுக்கு இரண்டு வருஷமும் காட்டும். கவனிக்காமல் அழுத்தினால் நடப்பு வருஷத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும், போட்ட நோக்கமே போச்சு. போன வருஷத்தைத் தேர்ந்தெடுத்த பிறகு வரும் ரசீதை எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது, போட்ட பணம் சும்மா ரொக்கமாகக் கிடக்கும். எந்த ஃபண்டில் என்று நாம்தான் தனியாகச் சொல்ல வேண்டும். வரித் தாக்கலுக்குக் கால நீட்டிப்பு வாங்கினாலும் ஐஆர்ஏவில் பணம் போடும் கெடு நீளாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

எங்கள் கணக்கில் 2,000-க்குத் தகுதி இருந்தும் 1,680 தான் பயன்பட்டது, 320 வீணாயிற்று. இந்தக் கிரெடிட் வரியைப் பூஜ்யம் வரை கொண்டுவரும், அதற்குக் கீழே கைக்குப் பணமாகத் தராது. இதனால் மிகக் குறைந்த வருமானக்காரர்களுக்கு, அதாவது யாருக்கு மிக அதிகமாக வேண்டுமோ அவர்களுக்கு, இது ஏட்டுச் சுரைக்காயாக நின்றுவிடுகிறது. 50 சதவீதப் படியில் இருக்கிற பலருக்கு வரியே சில நூறு டாலர்தான் வரும். இந்தச் சட்டத்தின் பெரிய குறை இது என்று நினைக்கிறேன். இதற்கு வரும் மாற்றத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

பதினேழு வயதுக்குக் கீழே பிள்ளை இருக்கிற வீட்டில் மட்டும் இது சுற்றி வளைத்துக் கைக்குப் பணமாகவும் வரலாம். எப்படியென்றால், வரியிலிருந்து முதலில் சேவர்ஸ் கிரெடிட் கழியும், அதற்குப் பிறகுதான் சைல்டு டாக்ஸ் கிரெடிட். வரியை முன்னது தின்றுவிட்டால், பின்னதில் மீந்தது, 2024 கணக்குப்படி பிள்ளைக்கு 1,700 டாலர் வரை, ரீஃபண்டாக வரக்கூடியது. அதனால் வரி குறைவு, நமக்கு எதற்கு இந்தப் படிவம் என்று பிள்ளை உள்ளவர்கள் விட்டுவிடக் கூடாது. காலேஜ் பிள்ளை இருந்தால் கதை வேறு: கல்விக்கான கிரெடிட் சேவர்ஸ் கிரெடிட்டுக்கு முன்னால் வரிசையில் நிற்கிறது, வரியை அது முதலில் தின்றுவிடும். என் அண்ணி வீட்டில் ஒரு வருஷம் அப்படித்தான் 8880-க்கு மிச்சமே இல்லாமல் போயிற்று.

காலேஜில் படித்துக்கொண்டே கடையில் வேலை பார்த்து 401-கேயில் போடும் பிள்ளைகளுக்கு இது கிடையாது. பதினெட்டு வயது நிரம்பியிருக்க வேண்டும், வருஷத்தில் ஐந்து மாதங்களில் முழுநேர மாணவராக இருந்திருக்கக் கூடாது, வேறொருவர் ரிட்டர்னில் சார்ந்தவராகக் காட்டப்பட்டிருக்கக் கூடாது.

எது கணக்கில் வரும், எது வராது என்பதில் நான் அடிக்கடி பார்க்கும் குழப்பங்கள் சில. நாம் போடுவதற்கு ஈடாகக் கம்பெனி போடும் மேட்ச் வராது. என் கணவரின் இடத்தில் முதல் 3 சதவீதத்துக்கு முழுசாகவும் அடுத்த 2 சதவீதத்துக்குப் பாதியும் போடுகிறார்கள். அது கட்டாயம் வாங்கிக்கொள்ள வேண்டிய பணம், ஆனால் 8880-இல் எழுத முடியாது. அரசாங்க வேலையில், பள்ளிக்கூடத்தில் இருப்பவர்களுக்குக் கட்டாயமாகப் பிடிக்கும் பென்ஷன் தொகை 14-ஆம் பெட்டியில் 414-ஹெச் என்று இருந்தால் அதுவும் வராது. சட்டப்படி அது முதலாளி போட்ட பணமாகக் கருதப்படுகிறது. நாமாக விருப்பப்பட்டு 403-பியிலோ 457-பியிலோ போட்டது வரும்.

ரோத் வகையில், அதாவது வரி கட்டிய பணத்தைப் போடும் கணக்கில், போட்டதும் வரும். ஆனால் ரோத் ஏஜிஐயைக் குறைக்காது. படியின் விளிம்பில் நிற்பவர்கள் இதை யோசிக்க வேண்டும். ரோத் நல்லது, வயசான பிறகு வரியில்லாமல் எடுக்கலாம் என்று பொதுவாகச் சொல்வார்கள். 10, 12 சதவீத வரிப் பிரிவில் இருப்பவருக்கு அது பெரும்பாலும் சரியான பேச்சுதான். ஆனாலும் இரண்டாயிரம் டாலரை ரோத்திலிருந்து டிரெடிஷனலுக்கு மாற்றினால் ஒரு படி கீழே இறங்கலாம் என்ற நிலையில் அந்தப் பொது அறிவுரை பொருந்தாது. அந்த வருஷத்துக்கு டிரெடிஷனல்தான் லாபம்.

401-கே இல்லாத சின்ன இடங்களில் வேலை பார்ப்பவர்களுக்கும் இப்போது மாநில அரசின் திட்டங்கள் இருக்கின்றன. கலிஃபோர்னியாவில் கால்சேவர்ஸ், ஓரிகனில் ஓரிகன்சேவ்ஸ், எங்கள் நியூ ஜெர்சியில் 2024-இல் தொடங்கிய ரிட்டயர்ரெடி என்ஜே. இவற்றில் சம்பளத்திலிருந்து பிடிக்கும் பணம் பொதுவாக ரோத் ஐஆர்ஏவில் போகிறது. அதனால் டபிள்யூ-2-வின் 12-ஆம் பெட்டியில் அது தெரியாது. மென்பொருளும் தானாகக் கண்டுபிடிக்காது, தாக்கல் செய்பவரும் கேட்க மாட்டார். கணக்கு வைத்திருக்கும் நிறுவனம் அனுப்பும் 5498 படிவம் மே மாச வாக்கில்தான் வரும், அதற்குள் தாக்கல் முடிந்திருக்கும். பேக்கரியிலும் சலூனிலும் வேலை பார்க்கும் நம் பெண்கள் இதைத் தாங்களாகவே சொன்னால்தான் உண்டு. டிசம்பர் கடைசி பே ஸ்டப்பைக் கையில் கொண்டுபோங்கள்.

நியூ ஜெர்சிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. இந்த மாநிலம் 401-கேயில் போட்டதற்கு மட்டும் மாநில வரியை விடுகிறது. 403-பிக்கும் ஐஆர்ஏவுக்கும் விடுவதில்லை. என் டபிள்யூ-2-வில் மாநில வரிக்கான சம்பளம் மத்திய அரசு வரிக்கான சம்பளத்தைவிட அதிகமாக இருக்கும். அது தப்பு இல்லை.

எல்லாவற்றிலும் மனசுக்குக் கஷ்டமாக இருப்பது பணத்தை வெளியே எடுத்துவிடுகிறவர்களின் நிலை. 8880 கேட்கும் கேள்விகளில் ஒன்று, தாக்கல் செய்யும் வருஷம், அதற்கு முந்தைய இரண்டு வருஷம், பிறகு தாக்கல் கெடு வரை உள்ள காலம், இவ்வளவுக்குள் ஓய்வூதியக் கணக்கிலிருந்து ஏதாவது எடுத்தீர்களா என்பது. எடுத்திருந்தால் அந்தத் தொகை, போட்ட தொகையிலிருந்து கழியும். கணவன் மனைவி சேர்ந்து தாக்கல் செய்தால், ஒருவர் எடுத்தது இருவர் கணக்கிலும் கழியும். அவர் 2,000 எடுத்திருந்தால், 2,000 போட்ட மனைவிக்கும் பூஜ்யம்தான்.

என் கணவரோடு வேலை பார்த்த ஒரு தம்பி, பட்டுக்கோட்டைப் பக்கம். அதிகக் கூலி என்று வேறு வேர்ஹவுஸுக்குப் போனான். கொஞ்ச நாளில் பழைய 401-கேயில் இருந்த பணம் செக்காக வந்துவிட்டது.

“நான் கேக்கவே இல்ல அக்கா. வீட்டுக்கே வந்துச்சு. தங்கச்சிக்கு ஃபீஸ் கட்டணும்னு ஊருக்கு அனுப்பிட்டேன்.”

“எவ்வளவுப்பா இருந்துச்சு?”

“தொள்ளாயிரத்துச் சொச்சம். அதுலயும் பிடிச்சிக்கிட்டுதான் குடுத்தாங்க.”

வேலையை விட்டவரின் கணக்கில் 1,000 டாலருக்குள் இருந்தால், திட்டத்தின் விதிப்படி அவரைக் கேட்காமலே இப்படி அனுப்பிவிடலாம். 20 சதவீதம் வரிக்கென்று பிடித்துக்கொள்வார்கள். செக் கைக்கு வந்த 60 நாளுக்குள் ஓர் ஐஆர்ஏவில் போட்டுவிட்டால் எடுத்ததாகக் கணக்கில்லை; பிடித்த 20 சதவீதத்தையும் கையிலிருந்து சேர்த்துப் போட்டால்தான் முழுத் தொகையும் காப்பாற்றப்படும். அவனுக்கு அதை யாரும் சொல்லவில்லை. ஒரு செக்கால் அபராதமும் கட்ட வேண்டியதாயிற்று, அந்த வருஷமும் அடுத்த வருஷங்களிலும் 8880-இல் கழிவும் வந்தது. வேலை மாறும்போதே பழைய இடத்தின் ஹெச்.ஆரிடம், என் பணத்தை நேராக ஐஆர்ஏவுக்கோ புது இடத்தின் 401-கேவுக்கோ மாற்றிவிடுங்கள் என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள். வேர்ஹவுஸ் வேலையில் வருஷத்துக்கு ஒரு இடம் மாறுகிறவர்கள் அதிகம், இழப்பும் அவர்களுக்குத்தான் அதிகம். 401-கேயிலிருந்து கடன் வாங்குவது, ஒழுங்காகத் திருப்பிக் கட்டினால், இந்தக் கணக்கில் வராது. அவசரம் என்றால் எடுப்பதற்கு முன்னால் அதைக் கேட்டுப் பாருங்கள்.

ஊர் வட்டி பற்றியும் சொல்லியாக வேண்டும். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கான என்ஆர்ஈ டெபாசிட் வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை என்பதால் இங்கேயும் இல்லை என்று பலர் நம்புகிறார்கள். கிரீன் கார்டு வாங்கிய பிறகு உலகத்தில் எங்கே வந்த வருமானமும் இங்கே காட்ட வேண்டியதுதான், அந்த வட்டி உட்பட. அது ஏஜிஐயை ஏற்றும். எங்கள் 400 டாலர் மாதிரி, படியின் விளிம்பில் இருப்பவரைத் தள்ளிவிடவும் கூடும். வீடு விற்ற பணத்தை ஊர் பாங்கில் போட்டிருப்பவர்களுக்கு வட்டி ஆயிரக்கணக்கில் இருக்கும். வெளிநாட்டுக் கணக்குகளில் எல்லாம் சேர்த்து வருஷத்தில் எப்போதாவது 10,000 டாலரைத் தாண்டினால் எஃப்பார் அறிக்கையும் தனியாகக் கொடுக்க வேண்டும். காட்டாமல் விட்டால் மிச்சமாகும் வரியைவிட மாட்டிக்கொண்டால் வரும் அபராதம் மிகப் பெரியது. அதைக் காட்டிவிட்டு, அதற்கு ஈடாகக் கொஞ்சம் கூடுதலாக 401-கேயில் போட்டு ஏஜிஐயை இறக்குவதுதான் நிம்மதியான வழி.

இப்போது நாங்கள் மார்ச் வரை காத்திருப்பதில்லை. அக்டோபரில் இருவர் பே ஸ்டப்பையும் எடுத்துவைத்துக்கொள்கிறோம். வருஷ ஆரம்பத்திலிருந்து சேர்ந்த மொத்தத்தைப் பார்த்து, டிசம்பர் வரை எவ்வளவு வரும் என்று கூட்டி, ஊர் வட்டியைச் சேர்த்து, 401-கே, 403-பி, சம்பளத்திலிருந்து வரிக்கு முன் பிடிக்கும் மெடிக்கல் பிரீமியம் இவற்றைக் கழித்தால் ஏஜிஐ ஏறத்தாழ வந்துவிடும். படியின் விளிம்புக்கு ஆயிரம் இரண்டாயிரம் மேலே இருந்தால், நவம்பர் டிசம்பர் சம்பளத்தில் பிடிக்கும் சதவீதத்தை ஏற்றச் சொல்லி ஹெச்.ஆர். தளத்தில் மாற்றிவிடுகிறோம். பீக் சீசனில் ஓவர்டைம் எதிர்பாராமல் ஏறும் என்பதால் என் கணவர் கொஞ்சம் தாராளமாகவே ஏற்றிவைக்கிறார். அதற்கும் மேலே போய்விட்டால் இருக்கவே இருக்கிறது ஏப்ரல் 15 வரை ஐஆர்ஏ.

2027-இலிருந்து இந்த ஏற்பாடு மாறுகிறது. 2022-இல் வந்த செக்யூர் 2.0 சட்டப்படி, சேவர்ஸ் கிரெடிட்டுக்குப் பதிலாக சேவர்ஸ் மேட்ச். ஆளுக்கு 2,000 வரை போட்டதில் பாதியை அரசாங்கமே நம் ஓய்வூதியக் கணக்கில் போடும். வரி கட்ட வேண்டியது பூஜ்யமாக இருந்தாலும் போடும். வீணாகப் போன எங்கள் 320 போன்றவை இனி வீணாகாது. படிக்கட்டும் போய்விடுகிறது: கணவன் மனைவிக்கு 41,000 வரை முழு 50 சதவீதம், அங்கிருந்து 71,000 வரை சிறிது சிறிதாகக் குறைந்து முடியும். தனியாகத் தாக்கல் செய்பவருக்கு 20,500-இலிருந்து 35,500 வரை. எங்கள் 46,000-க்குப் போட்டுப் பார்த்தால் விகிதம் 41.67 சதவீதம் வருகிறது. இருவரும் 2,000 வீதம் போட்டால் சுமார் 1,667 டாலர் கணக்கில் ஏறும். அந்தப் பணம் ரோத் கணக்கில் போகாது, டிரெடிஷனல் வகையில்தான் போகும் என்பதால் ரோத் மட்டும் வைத்திருப்பவர்கள் அதற்குள் டிரெடிஷனல் ஐஆர்ஏ ஒன்று திறந்துவைத்துக்கொள்வது நல்லது. 2026 வருமானம் வரைக்கும் பழைய 8880 கணக்குத்தான்.